கேதத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? – கேள்வி பதில்

ஊரில் அப்பத்தாவோ அம்மாச்சியோ தவறிவிட்டதாகப் போன் வந்தால், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு முதல் பதற்றம் டிக்கெட். அடுத்த பதற்றம், வீட்டில் இருக்கும் சின்னஞ்சிறுசுகளை என்ன செய்வது என்பது. தேவிபட்டினம் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ராமநாதபுரம் கரையோர ஊர்க்காரர்கள் இதுபற்றிக் கேட்ட கேள்விகளை அப்படியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எங்க அம்மா நேற்று ராத்திரி தவறிட்டாங்க. ஊர் உச்சிப்புளி பக்கம். நாங்க சென்னையில் இருக்கோம். பையனுக்கு நாலு வயசு, மகளுக்கு ஏழு. கூட்டிப் போறதா, மாமியார் வீட்டில் விட்டுட்டுப் போறதா?

தம்பி, முதலில் என் ஆறுதல். இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள். அப்பத்தா மடியில் கிடந்த பிள்ளைகளுக்கு அப்பத்தாவை வழியனுப்பும் பாத்தியதை உண்டு. விட்டுவிட்டுப் போனால், வீட்டில் என்னவோ பெரிதாக நடக்கிறது, தங்களுக்கு மட்டும் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம் கேத வீட்டில் பார்க்கப் போவதைவிடப் பெரியது.

ஆனால் ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். பிள்ளைகளுக்கென்றே ஒரு ஆள். நீங்கள் கொள்ளி வைக்கப் போகிறவர், உங்களால் முடியாது. உங்கள் மனைவியும் மருமகள் என்ற முறையில் செய்முறைகளில் மாட்டிக்கொள்வார். ஆகவே மச்சினனோ, கொழுந்தியாளோ, பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் யாரோ ஒருவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். "கடைசிவரைக்கும் இதுங்க ரெண்டும் உன் பொறுப்பு, வெளியே போகணும்னு சொன்னா உடனே கூட்டிட்டுப் போயிடு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வழியிலேயே, அங்கே என்ன பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். வீட்டு முன்னால் பந்தல் இருக்கும். அப்பத்தாவைக் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியில் படுக்க வைத்திருப்பார்கள். மூக்கில் பஞ்சு இருக்கும், நெற்றியில் ஒரு காசு ஒட்டியிருக்கும், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும், தாடையைச் சுற்றித் துணி கட்டியிருக்கும். அத்தைமார்கள் கட்டிப்பிடித்துச் சத்தமாக அழுவார்கள். கொட்டுச் சத்தம் கேட்கும், வேட்டு போடுவார்கள். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த பிள்ளை அங்கே போய், "ஆமா, காசு ஒட்டியிருக்கு" என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். தெரியாத பிள்ளைதான் அலறும்.

முத்தம் கொடு, தொட்டுக் கும்பிடு என்று யாராவது இழுத்தால் தடுத்துவிடுங்கள். தானாகத் தொட்டால் தொடட்டும்.

நாலு வயசுப் பிள்ளைக்கு என்னன்னு சொல்றது? "பாட்டி தூங்குறாங்க"ன்னு சொல்லி வச்சிருக்கோம்.

அதை இன்றைக்கே மாற்றுங்கள் தங்கச்சி. தூங்கின பாட்டியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனார்கள் என்று பார்த்த பிள்ளை, ராத்திரி கண்ணை மூடவே பயப்படும். நீங்கள் தூங்கினாலும் தட்டி எழுப்பும். "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு" என்பதை மட்டும் சொன்னாலும் சிக்கல்தான், அடுத்து அம்மாவைக் கூப்பிடுவாரோ என்று அதற்குத் தோன்றும்.

"பாட்டி செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. இனி மூச்சு விட மாட்டாங்க, சாப்பிட மாட்டாங்க, அவங்களுக்கு வலிக்காது. திரும்பி வர மாட்டாங்க." இவ்வளவு போதும். சாமி, சொர்க்கம் என்று உங்கள் நம்பிக்கை எதுவானாலும் இதற்குப் பிறகு சேர்த்துச் சொல்லுங்கள், தப்பில்லை.

சொல்லி முடித்த பத்தாவது நிமிடம், "பாட்டி எப்ப எந்திரிப்பாங்க?" என்று கேட்கும். அந்த வயதில் சாவு என்பது திரும்ப முடியாதது என்று பிடிபடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் அது விளங்க ஆரம்பிக்கும். கேட்கும் போதெல்லாம் அதே பதிலை அதே மாதிரி சொல்லுங்கள், சலிக்காதீர்கள்.

இன்னொன்று, பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. "நீ சேட்டை பண்ணதாலயோ, பாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டதாலயோ இது நடக்கல." தன்னால்தான் நடந்தது என்று சின்னப் பிள்ளைகள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வது ரொம்ப சாதாரணம். 'காய்ச்சலில் போயிட்டாங்க' என்று மொட்டையாகவும் விடாதீர்கள். அடுத்த முறை தனக்குக் காய்ச்சல் வந்தால் நடுங்கிப்போகும். "பாட்டிக்கு ரொம்ப வயசாயிடுச்சு, இதயம் ரொம்பப் பலவீனமாயிடுச்சு, உனக்கு வர்ற காய்ச்சல் வேற" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சிமடத்துக்கு ரயிலில் கிளம்பறோம். அம்மாச்சி அடக்கம் நாளைக்கு, கோயில்ல பூசை முடிஞ்சதும் கல்லறைத் தோட்டம். ஆறு வயசு மகனோ புது பாம்பன் பாலத்தைப் பார்க்கப் போறோம்னு குதிக்கிறான். மனசு வலிக்குது.

வலிக்க வேண்டாம் அம்மா. அவன் அம்மாச்சியை மறந்துவிடவில்லை. பிள்ளைகளால் துக்கத்தைத் தொடர்ந்து சுமக்க முடியாது. ஐந்து நிமிடம் அழும், அடுத்த ஐந்து நிமிடம் விளையாடும், மறுபடி வந்து மடியில் படுக்கும்.

பாலத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுசு, 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் போக வழிவிட நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு பகுதி அப்படியே மேலே ஏறும் என்று சொன்னால் கண் விரியக் கேட்பான். கூடவே, அம்மாச்சி பழைய பாலத்தில் போய்வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஒரு பிடி மண் போடச் சொல்வார்கள். அது எதற்கென்று அங்கே போகும் முன்பே சொல்லிவிட்டு, போடலாமா வேண்டாமா என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும்னு பெரியப்பா சொல்றார். பையனுக்கு அஞ்சு வயசு, பயப்படுறான். பிடிக்கலைன்னா அப்பத்தா ஆத்மா சாந்தியடையாதுங்கிறாங்க. (திருப்புல்லாணி)

இந்தக் கேள்விதான் அடிக்கடி வருகிறது. நெய்ப்பந்தம் நல்ல வழக்கம். பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு இடம் கொடுத்து, அவர்கள் கையால் வெளிச்சம் காட்டி அனுப்புகிறோம். பேத்திகளும் பிடிக்கிற வீடுகள் உண்டு. பிடித்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அதைப் பெருமையாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் பயந்து அழுகிற பிள்ளையின் கையில் நெருப்பைத் திணிப்பதற்கு அந்த வழக்கத்தில் இடமில்லை.

பெரியப்பாவிடம் முற்றத்தில் நாலு பேர் முன்னால் பேசாதீர்கள், தனியாகப் பேசுங்கள். "மாமா, குச்சியை அவங்க அப்பா பிடிச்சுக்கட்டும், இவன் அப்பா கைமேல கை வச்சுக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மூன்று சுற்று முடியாவிட்டால் ஒரு சுற்று, அதுவும் முடியாவிட்டால் பந்தத்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளட்டும். மூத்த பேரன் யாராவது தொடரட்டும்.

நெருப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம். குச்சியில் சுற்றிய துணியில் நெய் அதிகமாகிவிட்டால் எரிந்துகொண்டே சொட்டும், அந்தச் சொட்டு பிள்ளை கைமேல்தான் விழும். துணியை நெய்யில் முக்கியதும் நன்றாகப் பிழிந்துவிட்டுக் கொளுத்தச் சொல்லுங்கள். நம் கரையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வீசும். காற்று வரும் பக்கம் முதுகு இருக்கிற மாதிரி நிறுத்துங்கள், இல்லையென்றால் தீ முகத்துக்கு வரும். நைலான், பாலியஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி போதும். பெண் பிள்ளைக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகி, முடியைப் பின்னிவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

கீழக்கரை. உம்மம்மா மவுத்தாயிட்டாங்க. ஆறு வயசு மகள் முகம் பார்க்கணும்கிறா. எட்டு வயசு மகன் கபரஸ்தானுக்கு வர்றேங்கிறான்.

கபன் துணியால் முகத்தை மூடுவதற்கு முன்பே, பெண்கள் இருக்கும் நேரத்தில், நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குக் காட்டுங்கள். மய்யித்தை, அதாவது உடலை, எடுத்துப் போவது நம்மிடம் சீக்கிரம் நடந்துவிடும். 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் வாய்ப்புப் போய்விடும். மகன் மாமாவோடு போகட்டும், கையைப் பிடித்தபடி. ஜனாஸா தொழுகை நின்றபடியே தொழுவது, அதில் நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தா இல்லை என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள், பையன் குழம்ப மாட்டான். வீட்டிலேயே இருக்கும் மகளுக்கு அங்கே என்ன நடந்தது என்று திரும்பி வந்து அண்ணனே சொல்லட்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் அது நல்லது.

கேத வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தண்ணி எல்லாம் எப்படிச் சமாளிக்கிறது?

எடுக்கும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சாப்பாடு பிள்ளைகள் பசிக்கும் நேரத்துக்கு வராது. இட்லி, வாழைப்பழம், ரொட்டி, கைக்குழந்தை இருந்தால் பால் என்று கையோடு கொண்டுபோங்கள். நம் ஊர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு, வெளியூர்ப் பிள்ளைகள் குடிக்காமலேயே இருந்துவிடும். குடிக்கிற தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்.

இதைவிட முக்கியம், ஊருணி, கிணறு, கடல். கேத வீட்டில் எல்லோர் கவனமும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். பத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து விளையாடிக்கொண்டே ஊருணிப் பக்கம் போவது யார் கண்ணிலும் படாது. வந்து இறங்கியதும் சுற்றிப் பார்த்து, மூடாத கிணறு இருந்தால் மூடச் சொல்லுங்கள். குளிர்பெட்டிக்குப் போகும் மின்வயர் தரையில் கிடக்கும், அதையும் பாருங்கள். ஊர்வலத்தில் வேட்டு போடுகிறவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

பிள்ளைகள் பந்தலில் ஓடிப்பிடிச்சு விளையாடினதுக்குச் சித்தப்பா அடிச்சிட்டார்.

தப்பு. அடித்த கை ஓய்ந்த பிறகு சித்தப்பாவிடம் அமைதியாகச் சொல்லுங்கள், பிள்ளையிடமும் "நீ தப்பு எதுவும் பண்ணல" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையோ கொல்லைப்புறமோ பார்த்து அவர்களுக்கு விளையாட இடம் ஒதுக்குங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் பொம்மையைப் படுக்க வைத்து ஒப்பாரி வைத்து விளையாடும். பதறாதீர்கள், பார்த்ததைப் புரிந்துகொள்ள அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

பிள்ளை முன்னாடி நான் அழலாமா?

அழுங்கள். "அம்மாச்சி நினைப்பு வந்துடுச்சு, அதான் அழறேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். காரணம் தெரியாத அழுகைதான் பிள்ளையைப் பயமுறுத்தும்.

காடாத்தி முடிஞ்சு அஸ்தி கரைக்க சேதுக்கரை போறோம். மகளுக்கு எட்டு வயசு. "அப்பத்தாவை எரிச்சீங்களா? வலிச்சிருக்குமே"ன்னு கேட்டா. எனக்கு வாயே வரல.

எட்டு வயதில் இந்தக் கேள்வி வருவது நல்லது, அவள் உங்களை நம்பித்தான் கேட்டிருக்கிறாள். உண்மையையே சொல்லுங்கள். "ஆமா, எரிச்சோம். உயிர் போன உடம்புக்கு வலி தெரியாது. நகம் வெட்டும்போது உனக்கு வலிக்குதா? அந்த மாதிரி முழு உடம்புமே எதையும் உணராது. எரிஞ்சு மிச்சமான எலும்பும் சாம்பலும் இந்தக் கலயத்துல இருக்கு." கேட்டால் திறந்து காட்டுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். சில பிள்ளைகள் அடுத்து, "மாமாவைப் புதைச்சாங்க, அப்பத்தாவை ஏன் எரிச்சீங்க?" என்று கேட்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் என்று சொன்னால் போதும்.

சேதுக்கரையோ, தேவிபட்டினம் நவபாஷாணமோ, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தமோ, எங்கே போனாலும் பிள்ளையின் கையைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முங்கிக் குளிக்க வைக்க வேண்டாம், செம்பில் மொண்டு தலையில் ஊற்றினால் போதும். ராமேஸ்வரம் போனவர்கள் அப்படியே தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போவீர்கள். அரிச்சல்முனையில் பெரியவர்களேகூடக் கடலில் இறங்கக் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும்.

ஊரிலிருந்து வந்து ரெண்டு வாரம் ஆச்சு. அஞ்சு வயசுப் பையன் மறுபடி படுக்கையில் மூத்திரம் போறான், என்னை விட்டு நகர மாட்டேங்கிறான்.

இரண்டு வாரத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். திட்டாதீர்கள். சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம் எல்லாம் பழைய நேரப்படி நடக்கட்டும். வகுப்பு டீச்சரிடம் வீட்டில் நடந்ததைச் சொல்லிவையுங்கள். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியாகாமல் இருந்தாலோ, பள்ளிக்கூடம் போகவே மறுத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நானும் பாட்டிகிட்ட போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் காத்திருக்காமல் உடனே பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நாங்க மகளைக் கூட்டிப் போகவே இல்லை. ஒரு மாசமா "அம்மாச்சி ஊர்ல இருக்காங்க"ன்னு சொல்லிட்டு இருக்கோம். வீடியோ காலில் பேசணும்னு அழறா. (மண்டபம் சொந்த ஊர், இப்போ பெங்களூர்)

இனியும் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது தெரியவந்தால், நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவள் நம்ப மாட்டாள். "அம்மாச்சி செத்துப்போயிட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தோம். முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். கோபப்படுவாள், படட்டும். சாவுக்குப் போகாதது பெரிய இழப்பு என்று உட்கார்ந்துவிட வேண்டாம். அடுத்த ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ ஊருக்குக் கூட்டிப் போய், கடற்கரையில் திதி கொடுக்கும்போது அவள் கையாலும் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லுங்கள். சொல்கிற நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.