பிள்ளையின் உடம்பும் வீட்டுச் சூழலும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், மகளுக்கு 8 வயது. ஒரு மாதமாகக் காலையில் தொப்புளைச் சுற்றி வலி என்கிறாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாளா?

பதில்: நடிப்பில்லை, வலி நிஜம். மனப்பதற்றத்தில் குடலின் சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: வலி வந்த நேரம், மலம் போனதா, முந்தின இரவு வீட்டில் என்ன நடந்தது. லீவு நாளில் வலியே இல்லையென்றால் பள்ளியில் விசாரியுங்கள். சண்டை நடந்த மறுநாள் வருகிறதென்றால் வீட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், கவனம் வலியிலேயே நிற்கும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, காய்ச்சல், தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வலி: இதில் ஒன்று இருந்தாலும் நோட்டுக்குக் காத்திருக்காமல் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 7 வயதுப் பையன். படுக்கையை நனைப்பது நின்று இரண்டு வருடம் ஆகிறது. அப்பா துபாய் போனதும் மறுபடி ஆரம்பித்துவிட்டான். பாட்டி சூடு போடுவேன் என்கிறார்.

பதில்: பாட்டியிடம் இன்றே பேசுங்கள். தூக்கத்தில் நடப்பது அவன் கையில் இல்லை, மிரட்டினால் கூடும். முதலில் சிறுநீரில் தொற்றும் சர்க்கரையும் பாருங்கள். ஓயாத தாகம், உடம்பு இளைப்பு இருந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் கவனியுங்கள், நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். அப்பா தினமும் ஐந்து நிமிடம் பேசினால் போதும், ஆனால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி: குழந்தைக்கு வீசிங். என் கணவர் பால்கனியில்தான் சிகரெட் பிடிக்கிறார். பரவாயில்லையா?

பதில்: போதாது. புகை கதவிடுக்கில் உள்ளே வரும், சட்டையிலும் முடியிலும் ஒட்டியும் வரும். விடுவதுதான் வழி. அதுவரை வீட்டுக்கு வெளியே பிடித்து, கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும்.

கேள்வி: குழந்தை தூங்கிய பிறகுதான் சண்டை போடுகிறோம். அதுவும் பாதிக்குமா?

பதில்: பாதிக்கலாம். 2013இல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தினர், தூங்கும் 6 முதல் 12 மாதக் குழந்தைகளை ஸ்கேன் செய்தார்கள். சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளையில், கோபக் குரல் கேட்டதும் பதற்றம் சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கின. சற்றுப் பெரிய பிள்ளை என்றால், சண்டை தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். "உன்னால இல்லடா கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சமாதானமானதையும் அது பார்க்கட்டும். கை ஓங்கும் அளவுக்குப் போனால் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.