எண்ணூர்ப் பக்கம் கடற்பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டே, காடு வளர்க்கும் தன்னார்வ வேலைக்கும் போக முடியுமா?

முடியும். எனக்குத் திருவொற்றியூர், நான்கு வருடமாக இரண்டையும் செய்கிறேன். ஆனால் இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒருமுறை அதனாலேயே சண்டை வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

படம் எடுக்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே காகமும் பருந்தும்தான் அதிகம், ஏலக் கூட்டத்தில் நிற்கவும் இடமிருக்காது. நேராகக் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்கள். குளிர்காலத்தில் ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் இருக்கும். பெயர்தான் பழுப்புத்தலை, டிசம்பரில் பார்த்தால் தலை வெள்ளையாக இருக்கும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடு. லடாக், திபெத் ஏரிகளுக்கு முட்டையிடக் கிளம்பும் சமயத்தில்தான் தலை பழுப்பேறும். மார்ச் கடைசியில் போனால் அந்தக் கோலத்தில் பிடிக்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் விடிந்ததும் கடலைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். நம் கடலில் சூரியன் எதிரேதான் எழும், பறவை வெறும் நிழலாக விழும். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டிக் கழிமுகத்தைப் பாருங்கள். கடல் பக்கத்துக்கு மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். ஆலா மீனுக்குப் பாய்வதைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். நான் துடைக்காமல் ஒரு லென்ஸைப் பாழாக்கினேன்.

சரி, காட்டு வேலை. நடுவதைவிட எடுப்பதுதான் அதிகம். நாங்கள் வளர்ப்பது உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சிக்கிய நைலான் வலையை அறுத்தெடுக்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும். கரைமேட்டில் சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு தோண்ட வேண்டும். முள் செருப்பைத் துளைக்கும், ஷூ போட்டு வாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் அப்பி நின்றதைப் பார்த்த பிறகுதான் எங்கள் குழுவில் பலர் சேர்ந்தார்கள்.

இப்போது சண்டை. ஒரு மழைக்காலத்தில், நடவுக்கு வந்தவர்கள் ஒரு சேற்றுத் திட்டைக் காட்டி, "சும்மாதானே கிடக்கிறது, இங்கே நடலாம்" என்றார்கள். அது சும்மா கிடக்கவில்லை. நீர் வற்றும்போது உள்ளான் என்ற கரைப்பறவைகள் இறங்கிப் புழுவும் நண்டும் தேடும் இடம் அது. சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால்தான் அவை பயமில்லாமல் இறங்கும். இரண்டு குளிர்காலம் அதே திட்டில் எடுத்த படங்களைத் தேதியோடு காட்டினேன். "உங்களுக்குப் போட்டோ வேண்டும், அதுக்காகச் சொல்றீங்க" என்றார் ஒருவர். பாதி உண்மைதான், கோபம் வந்தது. கடைசியில் தீர்த்து வைத்தவர் நெட்டுக்குப்பத்து மீனவ அண்ணன் ஒருவர். "வத்தத்துல அங்க கையால தடவி எறா புடிக்கிற பொம்பளைங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. கன்றுகளை உள்ளே கரை அரித்த கால்வாய் ஓரத்துக்கு எடுத்துப் போனோம்.

இந்த ஜனவரியிலும் அந்தத் திட்டில் உள்ளான்கள் இறங்கின. கால்வாய் ஓரக் கன்றுகளில் பாதியை மாடு மேய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வேலி போடுகிறோம், வருவதானால் ஒரு ஜோடி தடிமனான கையுறை கொண்டுவாருங்கள்.