பிஎஸ்எம்பி5 மரபணுதான் மயலோமாவுக்குக் காரணமா?

கேள்வி: அப்பாவுக்கு மயலோமா (எலும்பு மச்சையில் வரும் ஒரு புற்றுநோய்), போர்டெசோமிப் ஊசி போடுகிறார்கள். அது பிஎஸ்எம்பி5 மரபணுவைத் தடுக்குமாம். அப்படியானால் நோய்க்குக் காரணம் அந்த மரபணுவா? எங்களுக்கும் வருமா?

அந்த மரபணு காரணமில்லை, பயப்படாதீர்கள். ஊசி கை வைப்பது மரபணுவில் அல்ல, அதிலிருந்து உருவாகும் புரதத்தில். நான் டொக்டர் இல்லை. வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் பெரியப்பாவுக்கு இதே ஊசி போட்டபோது நித்திரை முழித்துப் படித்ததைச் சொல்கிறேன்.

பின்னேரம் காலி வீதியில் நடந்தால் கொத்துக் கடைத் தகடுகள் டக டகவென்று ரொட்டியை நறுக்கும் சத்தம் கேட்குமே, கலத்துக்குள் அந்த வேலை புரோட்டியசோம் என்ற பீப்பாய் போன்ற அமைப்பினுடையது. கோணலாக மடிந்த, வேலை முடிந்த புரதங்களில் பெரும்பாலும் யூபிக்விட்டின் என்ற அடையாளம் ஒட்டப்பட்டு (இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது) அவை இந்தப் பீப்பாய்க்குள் போய்த் துண்டு துண்டாகும். பீப்பாயில் 28 உறுப்புகள், வெட்டும் தகடு மூன்று வகை. அதில் ஒன்றுக்கான குறிப்புத்தான் 14ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பிஎஸ்எம்பி5.

மயலோமாக் கலங்கள் ஓயாமல் பிறபொருளெதிரியைச் செய்து தள்ளுகிறவை, கழிவும் அந்தளவுக்குச் சேரும். போர்டெசோமிப்பில் உள்ள போரான் அணு போய் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொள்ள, கழிவு தேங்கி, கலம் செத்துப்போகும். மற்றக் கலங்களுக்கும் கொஞ்சம் அடி விழும்தான். பெரியப்பாவுக்குக் காலில் செருப்புக் கழன்றதே தெரியாமல் வீட்டு வாசலிலிருந்து சந்திவரை ஒற்றைச் செருப்போடு போய்விட்டார். விறைப்பு வந்தால் உடனே சொல்லிவிடுங்கள், அளவைக் குறைப்பார்கள்.

பிஎஸ்எம்பி5இல் மாற்றம் வந்து மருந்து பிடிக்காமல் போவதும் உண்டு, ஆனால் அது சிகிச்சைக்கு நடுவில் புற்றுக் கலத்துக்குள் நடக்கிற, அரிதான விஷயம். அந்த மாற்றம் பிள்ளைகளுக்கு வராது.

பரம்பரையாக மாற்றம் வருவது இதன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரியான பிஎஸ்எம்பி8இல். கிருமி வந்து இன்டர்ஃபெரோன் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்தால் பழைய தகட்டுக்குப் பதிலாக இதைப் போட்டுப் புதுப் பீப்பாய்கள் உருவாகும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்த பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சல், தோலில் தடிப்பு, முகத்தில் கொழுப்புக் கரைவது என்று வரும். மிக அரிது, மயலோமாவோடு தொடர்பில்லை.

அப்புறம் ஒன்று, கிரீன் டீ. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் போரானைப் பிடித்து மருந்தை முடக்குவதை ஆய்வுகூடத்தில், எலிகளில் கண்டிருக்கிறார்கள். டொக்டரிடம் கேளுங்கள். பெரியப்பாவுக்காக மாமி வாங்கி வந்த பெட்டி இன்னும் அலுமாரியில் உடைக்காமல் கிடக்கிறது.