அகிம்சைப் போராட்டத்தைச் சிறுவர்களுக்குச் சரித்திரக் கதையாக எப்படி எழுதுவது?

பெரிய தலைவரிடமிருந்து தொடங்காதீர்கள், ஒரு தெருவிலிருந்து தொடங்குங்கள். கேரளத்தின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய சாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த வைக்கம் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1924 மார்ச் 30 அன்று மகாதேவர் கோயிலைச் சுற்றிய சாலையை நோக்கி மூன்று பேர் நடந்தார்கள். சாதியால் ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். அந்தச் சாலையில் போக நாயருக்குத் தடையே இல்லை. ஆனாலும் மற்ற இருவரோடு நின்று கைதானார். சமத்துவம் என்றால் என்ன என்று பத்து வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த வருட வெள்ளம். சாலையை மறித்த போலீஸ் தடுப்புக்கு முன்னால் தொண்டர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள். அதைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பார்ப்பதாக எழுதுங்கள்: ஊறி வெளுத்த விரல்கள், நடுங்கும் தாடை, எதிரே படகில் போலீஸ். திருப்பி அடிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அங்கேதான் புரியும். பெரியாரும் அவர் மனைவி நாகம்மையாரும் வரட்டும், ஆனால் அவள் பார்க்கும் தூரத்தில்.

முடிவை மட்டும் இனிப்பாக்க வேண்டாம். 1925இல் மூன்று பக்கச் சாலைகள்தான் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. கோயிலுக்குள் போக 1936 ஆனது. உங்கள் சிறுமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த நாளையும் எழுதுங்கள்.