தோல் பெல்ட்டில் பூக்கும் வெள்ளை: கேள்வி பதில்

ஹட்டன்: ஐயா, கடைக்காரர் ‘அசல் தோல்’ என்று அடித்துச் சொல்கிறார். எப்படி நம்புவது?

அவர் வாயை விடுங்கள் தம்பி, விளிம்பைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நாராகத் தெரிந்தால் ஒற்றைத் தோல். நடுவில் அட்டையோ ரெக்சினோ அடுக்காகத் தெரிந்தால் ஒட்டுவேலை. விளிம்பு முழுவதும் தடிப்பாகப் பெயின்ட் பூசியிருந்தால் துளைக்குள் எட்டிப் பாருங்கள். துளையை மெனக்கெட்டுப் பூசுபவர்கள் குறைவு. தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்திய தகட்டையும் தோல் என்றே விற்கிறார்கள். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பண்டாரவளை: தடிப்பு, அகலம், நீளம் எப்படிச் சொல்லிச் செய்விப்பது?

தடிப்பு 3.5 முதல் 4 மில்லிமீற்றர். ஜீன்ஸுக்கு 38 மில்லிமீற்றர் அகலம், அலுவலகக் காற்சட்டைக்கு 30 அல்லது 32. நீளத்துக்குக் காற்சட்டை எண்ணைச் சொல்லாதீர்கள். பழைய பெல்ட்டை விரித்து, பக்கிளில் தோல் மடியும் இடத்திலிருந்து வழக்கமாகப் பூட்டும் துளைவரை அளந்து கொடுங்கள். புதிய பெல்ட்டின் நடுத்துளை அந்த அளவில் விழவேண்டும்.

நுவரெலியா: அண்ணா, அலுமாரியில் கிடந்த பெல்ட் வெள்ளை பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், மறுபடியும் வருகிறது.

மலையிலிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், தங்கச்சி. வெள்ளை இரண்டு வகை. முடி உலர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல் நின்று, தேய்த்தால் இழுபட்டு, முடைநாற்றம் அடித்தால் பூஞ்சணம்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் ஊரோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; தை மாதத்தில் எண்ணெய்ப் போத்தல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோலுக்குள் போன எண்ணெய்க்கும் அதே கதிதான். கொழுப்பு என்றால் இளஞ்சூட்டில் துடைத்தெடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் என்றால் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்டுங்கள். உள்ளே தட்டினால் அலுமாரி முழுவதும் பரவும். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து இறுகப் பிழிந்து துடையுங்கள். முதலில் உட்புறத்தில் ஓர் ஓரத்தில் தேய்த்து நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பையில் சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மறுபடியும் பூக்கும்.

தலவாக்கலை: தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. பெல்ட் தினமும் மழையில் நனைகிறது, ஐயா.

நனையட்டும். அடுப்பனலில் காயவைக்காதீர்கள், தோல் விறைத்து வெடித்துவிடும். இரண்டு பெல்ட் வைத்து மாறிமாறிக் கட்டுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் ஒரு தடவை, மழை ஓய்ந்தபின் ஒரு தடவை தேன்மெழுகுத் தைலத்தை மெல்லப் பூசினால் ஆண்டுக்குப் போதும். குரோமில் பதனிட்ட தோல் தண்ணீரை நன்றாகவே தாங்கும், ஆனால் நாளடைவில் நீண்டு தொய்யும். கறை பிடித்தாலும் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்டதையே நான் வாங்குவேன்.

பதுளை: பித்தளைப் பக்கிளைச் சுற்றிப் பச்சை படிகிறதே?

பித்தளையிலுள்ள செம்பு தோலின் கொழுப்போடு சேர்வதால் வருவது. பல்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும். முலாம் பூசிய பக்கிளை அழுத்தித் தேய்த்தால் முலாமும் போகும், மாற்றிவிடுவதே நல்லது. அதனால்தான் பக்கிளைத் தைக்காமல் திருகாணியில் பூட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள் என்கிறேன்.