பாதியில் இருக்கும் புத்தகம்

கேள்வி: ஒரு நாவலை முடிப்பதற்குள்ளேயே நண்பர்களிடம் 'கட்டாயம் படி' என்று சொல்லிவிடுகிறேன். கடைசியில் அது சொதப்பினால் என் மானம் போகிறது. நீங்கள் எப்படி? இப்போது என்ன படிக்கிறீர்கள்?

பதில்: பாதியில் சொல்வதில் தப்பே இல்லை, பாதிதான் படித்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முடித்து ஒரு மாதம் கழித்து யோசித்துச் சொல்லும் கருத்தைவிட, நடுவில் இருக்கும்போது வருகிற பரபரப்பு எனக்குப் பிடிக்கும், என்ன, கதையை மட்டும் உளறிவிடக் கூடாது. சரி, உளறினாலும் கெடாத கதைகள் உண்டு. நான் இப்போது இரண்டாம் முறையாகப் படிப்பது 1886-இல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்'. முடிவு தலைப்பிலேயே இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே ஆள் இறந்த செய்தி வருகிறது, உடன் வேலை பார்த்தவர்களோ அந்தக் காலியிடத்தால் யாருக்குப் பதவி உயர்வு என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள். அப்புறம்தான் அவர் வாழ்ந்த கதையே ஆரம்பிக்கிறது. திரைச்சீலையை எப்படி மாட்டுவது என்று காட்டப்போய் ஏணியில் வழுக்கி, விலாவில் பட்ட சின்ன அடி என்னவெல்லாம் ஆகிறது பாருங்கள். சின்னப் புத்தகம்தான், தாராளமாகச் சொல்லலாம். உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவரிடம் மட்டும் நீட்டாதீர்கள். நான் நீட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.