கடைசியில் கைவிட்ட திகில் விஷுவல் நாவலைப் பிறருக்குப் பரிந்துரைக்கலாமா?

"முழுக்கத் திகிலாகப் போய் முடிவில் ஏமாற்றிய விஷுவல் நாவல் எது, அதை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் தெரியும் ஆற்றாமையைப் பார்த்தால், நீங்களும் அண்மையில் அப்படி ஒன்றை முடித்துவிட்டு, தூங்காமல் கழித்த இரவுகள் எல்லாம் வீண்தானோ என்று நொந்துபோய் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் பதில் 'ஹிகுராஷி' என்ற ஜப்பானிய விஷுவல் நாவல், அதாவது படமும் ஒலியும் சேர்ந்து கணினித் திரையில் படிக்கும் கதை. பரிந்துரைப்பேன், ஆனால் ஆறாம் பகுதிவரை மட்டுமே. முடிவைச் சொல்லாமல் காரணத்தை விளக்க முடியாது என்பதால், இனிமேல்தான் விளையாடப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் நடக்கும் காமிக் மார்க்கெட் விற்பனைக் கூட்டத்தில், 07த் எக்ஸ்பான்ஷன் என்ற சிறு குழு 2002 ஆகஸ்டில் இதன் முதல் பகுதியை வெளியிட்டது. எட்டாவதும் கடைசியுமான பகுதி 2006 ஆகஸ்டில் வந்தது. கதையை எழுதியவரும் பாத்திரங்களை வரைந்தவரும் ரியூகிஷி07 என்ற ஒருவரே. முதல் நான்கு பகுதிகள் புதிர் போடுகின்றன, அடுத்த நான்கு அவற்றை விடுவிக்கின்றன. நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது எதுவும் இல்லை. மங்கலாக்கிய புகைப்படங்களின்மேல் திரை நிறைய எழுத்து ஓடும், பின்னால் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருக்கும். இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்லலாம் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம்.

கதை நடப்பது 1983 ஜூன் மாதத்தில், ஹினாமிசாவா என்னும் மலைக் கிராமத்தில். பெரும்பாலான பகுதிகளில் அதே மாதம் வேறோர் உலகத்தில் வேறு விதமாகத் திரும்ப நடக்கிறது. அணை கட்டினால் ஊரே மூழ்கும் என்ற நிலையில் மக்கள் போராடி அத்திட்டத்தை விரட்டியிருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கோபத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் திருவிழா இரவில் ஒருவர் சாகிறார், ஒருவர் காணாமற்போகிறார். ஊர்த் தெய்வத்தின் சாபம் என்கிறார்கள். நகரத்திலிருந்து குடிவந்த கேயிச்சி என்ற பையனிடம் அவனுடைய நண்பர்களே இதை மறைக்கிறார்கள். அவர்கள் கொடுத்த ஒஹாகி என்னும் இனிப்பு உருண்டையைக் கடித்தால் உள்ளே ஊசி. ஓர் இரவு, ரேனா என்ற தோழி சாப்பாடு எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறாள். அவன் சங்கிலியைக் கழற்றாமல் கதவு இடுக்கின் வழியாகப் பேசுகிறான். அவள் விரல்களை உள்ளே நுழைத்துக் கதவைப் பிடிக்கிறாள். அவன் கதவை இழுத்து அந்த விரல்களை நசுக்க, அவள் வலிக்கிறது என்றும் மன்னித்துவிடு என்றும் மாறி மாறிச் சொல்கிறாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சோறு கொண்டுவந்த பெண் ஒருத்தி வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான். அதற்கே எனக்கு உடல் நடுங்கியது.

ஏன் என்று சொல்கிறேன். நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில், நடுவில் முற்றமும் அடி பம்ப்பும், சுற்றிலும் குடித்தனங்களுமாக இருந்த ஒரு பழைய வீட்டில். ஓர் அமாவாசைக்கு மறுநாள் காலையில் எங்கள் போர்ஷன் வாசற்படியில் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. நான்காகக் கீறிக் குங்குமம் திணித்து, கறுப்பு நூல் சுற்றியிருந்தது. அம்மா அதைக் கையால் தொடாமல் துடைப்பத்தால் தள்ளி, பழைய செய்தித்தாளில் ஏந்திக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதமே அப்பாவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. அதன்பிறகு எதிர்ப் போர்ஷன் அக்கா கொடுத்தனுப்பும் சங்கரா மீன் குழம்பை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை. குழம்பைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது எனக்குத் தலை பின்னிவிட்டவர் அந்த அக்காதான். பழத்தை வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு வார்த்தை சண்டை இல்லாமல் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மணலிப் பக்கம் போய்விட்டார்கள்.

ஆகவே ஊசி வைத்த ஒஹாகி எனக்குத் தொலைதூரத்து ஜப்பானியக் கதையாகத் தெரியவில்லை. 2015இல் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஆங்கிலப் பதிப்பு வரத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு பகுதியாக வாங்கிப் படித்தேன். தம்பிக்கு நீண்ட ஆங்கிலம் படிக்கப் பொறுமை இல்லாததால், கோடைக்காலத்தில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவனுக்குத் தமிழில் சொல்லுவேன். பக்கத்துப் பாயில் ஆயாவும் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் படைப்பின் உச்சம் ஆறாம் பகுதி. அதில் சந்தேகம் ரேனாவைப் பிடித்துக்கொள்கிறது. அவள் பள்ளிக்கூடத்தையே பிணையாகப் பிடிக்கும் அளவுக்குப் போகிறாள். அவளைத் தடுக்கக் கூரைமேல் ஏறும் கேயிச்சிக்கு, தான் வாழ்ந்திராத வேறோர் உலகத்தின் நினைவு ஏற்கெனவே வந்திருக்கிறது: முதல் பகுதியின் உருண்டையில் ஊசியே இல்லை, தோழிகள் அவனைப் பார்க்க வந்தது அக்கறையால், அவர்களைக் கொன்றது அவனேதான். நான் இதைச் சொன்னபோது ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஊசியே இல்லியா? அந்தப் பொண்ணு சும்மா சோறு எடுத்துனுதான் வந்துச்சா?" என்று கேட்டவர், சற்றுப் பொறுத்து, "எதுருவூட்டுக்காரியும் அப்டித்தான் குடுத்தாளோ இன்னாவோ" என்றார். இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. ஒரு கதை மனிதரிடம் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் வந்த விடைதான் என்னை நோகடித்தது. ஊர் மக்களின் மூளையில் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறதாம், அச்சமும் சந்தேகமும் அதனால் முற்றுகின்றனவாம். ஊர் மருத்துவமனை என்பது அதை ரகசியமாக ஆராயும் கூடம். அங்கே தாதியாக வேலை பார்க்கும் தகானோ, சீருடைப் படை ஒன்றை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 2000 பேரை நச்சுவாயுவால் கொன்று, அதை இயற்கைப் பேரிடர் என்று காட்டத் திட்டமிடுகிறாள். எட்டாம் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் மலையில் பொறி வைத்துப் பயிற்சி பெற்ற வீரர்களை ஓட ஓட விரட்டுகிறார்கள். தெய்வமே ஒரு மாணவியாக வகுப்பில் வந்து சேர்கிறது. அத்தனை பேரும் பிழைக்கிறார்கள். தம்பிக்கு இது பிடித்திருந்தது, அவன் கைதட்டினான். ஆயாவோ சிப்பாய்கள் வந்தவுடன், "இது வேற கதை" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டார். என் தீர்ப்பும் அதுவே.

இதைப் படிக்கும் ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஒட்டுண்ணிக்கான குறிப்புகள் முன்பகுதிகளிலேயே இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன, மறுக்கவில்லை. ஒருவரையொருவர் நம்புவதுதான் மருந்து என்பதே படைப்பின் கரு, கிருமி வெறும் கருவி என்பார்கள். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சந்தேகத்துக்குக் காரணம் கிருமி என்று ஆக்கிவிட்டால், கதவை இழுத்து விரலை நசுக்கிய கை யாருடையது என்ற கேள்வியிலிருந்து அந்த ஊர் தப்பித்துவிடுகிறது. மருத்துவமனையில் ஊசி போட்டால் குணமாகிவிடும் ஒன்றாக அந்தப் பயம் சுருங்கிவிடுகிறது. எங்கள் முற்றத்தில் எந்தக் கிருமியும் இல்லை. எந்தப் படையும் வரவில்லை. ஒரு பழம் கிடந்தது, மற்றதையெல்லாம் நாங்களே செய்தோம். முதல் ஆறு பகுதிகள் இதைத்தான் அத்தனை துல்லியமாகச் சொல்லிக்கொண்டு வந்தன. கடைசியில் பழியைச் சுமக்க வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, சொன்ன உண்மையை எழுதியவரே திரும்ப வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஏழாம் பகுதியில், அணையை ஆதரித்த குடும்பத்துப் பிள்ளை என்பதற்காக ஊர் ஒதுக்கிவைத்த சத்தோகோவை, கொடுமைக்காரச் சித்தப்பாவிடமிருந்து மீட்க நண்பர்கள் அதே ஊரைத் திரட்டும் காட்சிகள் அபாரமானவை. அங்கே மனம் மாறுவது ஊர் மக்களே, கிருமிக்கு வேலை இல்லை. எட்டாம் பகுதியில் தகானோவின் சிறுவயதும், அவளை வளர்த்த முதியவரின் ஆய்வுத் தாள்களை வந்தவர்கள் காலால் மிதிக்கும் இடமும் கண்ணில் நீர் வரவைப்பவை. திறமை குறைந்ததால் முடிவு கெட்டது என்று நான் சொல்லவே இல்லை.

நீங்கள் யாருக்காவது சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள். பகுதிகள் தனித்தனியாகவே விற்கப்படுகின்றன, எனவே மொத்தமாக வாங்க வேண்டியதில்லை. முதல் பகுதியின் தொடக்கத்தில் நெடுநேரம் பிள்ளைகளின் சீட்டாட்டமும் கேலியுமாகவே போகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. ஆறாம் பகுதியின் முடிவில் வரும் பேரிடர்ச் செய்தியோடு நிறுத்திக்கொண்டால் கதை குறைப்பட்டதாகத் தோன்றாது. ஆவல் அடங்காவிட்டால் ஏழாம் பகுதியைச் சத்தோகோ மீட்கப்படும் இடம்வரை படிக்கலாம். எட்டாவதையும் படித்தே தீர வேண்டும் என்பவர்கள், சில மாதம் இடைவெளி விட்டு, அதைத் தனியான ஒரு சிறுவர் சாகசக் கதையாக எண்ணிப் படிக்கட்டும்.